மாத்திரை போட்டும் படுத்தே கிடக்கிறான்: சேலத்துக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

மனச்சிதைவு நோய், அதாவது ஸ்கிசோஃப்ரினியா வந்தவர்களின் வீட்டாரோடு பேசுவது என் வேலை. நான் டாக்டர் இல்லை, சமூகப் பணியாளர். அம்மாபேட்டைத் தறி வீடு, செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறை வீடு, ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்து லைன் வீடு என்று எங்கே போனாலும், ஆரம்பத்தில் கேட்பதெல்லாம் காதில் விழும் குரல்களைப் பற்றியும் சந்தேகத்தைப் பற்றியும்தான். மாத்திரையில் அவை அடங்கி ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆன பிறகு கேள்வி மாறிவிடுகிறது. அப்படி மாறிய பிறகு வரும் கேள்விகள்தான் இங்கே இருக்கின்றன. எந்த மருந்தையும் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ இதை வைத்து முடிவு செய்யாதீர்கள். டாக்டரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ளப் பயன்படுத்துங்கள்.

"யாரோ பேசுற சத்தம் கேக்குதுன்னு சொல்றது நின்னுபோச்சு. ஆனா நாள் முழுக்கப் படுத்தே இருக்கான். இது சோம்பேறித்தனமா, நோயா?"

பெரும்பாலும் நோய், அல்லது மருந்து, அல்லது இரண்டும். சோம்பேறி என்று நாம் திட்டும் ஆள் தறிக்குப் போகமாட்டான், ஆனால் கிரிக்கெட் பார்ப்பான், பிரியாணி என்றால் எழுந்து வருவான், நண்பன் வண்டியோடு வந்து நின்றால் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். உங்கள் மகன் கிரிக்கெட்டும் பார்ப்பதில்லை, நண்பன் வந்தாலும் எழுவதில்லை என்றால் அதற்குப் பெயர் வேறு.

இந்த நோயில் புதிதாக வந்து சேரும் அறிகுறிகள் உண்டு: இல்லாத குரல் கேட்பது, யாரோ சூனியம் வைத்துவிட்டார்கள் என்ற அசையாத நம்பிக்கை. முன்பு இருந்து இப்போது இல்லாமல் போகும் விஷயங்களும் உண்டு. இரண்டாவது வகையைத்தான் டாக்டர்கள் நெகட்டிவ் அறிகுறிகள் என்கிறார்கள். 2005இல் அமெரிக்க தேசிய மனநல நிறுவனம் கூட்டிய நிபுணர்கள் இவற்றை ஐந்தாகப் பிரித்தார்கள். முகத்திலும் குரலிலும் உணர்ச்சி தெரியாமல் போவது ஒன்று. பேச்சு ஒற்றைச் சொல்லாகச் சுருங்குவது இன்னொன்று. மற்ற மூன்று, ஆட்களோடு பழகும் நாட்டம் குறைவது, எதிலும் சந்தோஷம் இல்லாமல் போவது, ஒரு வேலையைத் தானாகத் தொடங்க முடியாமல் போவது. கடைசியாகச் சொன்னதுதான் வீட்டில் அதிகச் சண்டையைக் கிளப்பும். தண்ணீர் எடுத்து வை என்று மூன்று முறை சொல்லியும் எழுந்திருக்கவில்லை என்று அப்பா கத்துவார். மகன் சுவரைப் பார்ப்பான்.

"மாத்திரைதான் இவனை இப்படி ஆக்கிவிட்டதா?"

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். 'ஆமாம்' என்று மட்டும் சொன்னாலும் பொய், 'இல்லை' என்று மட்டும் சொன்னாலும் பொய்.

முதலில் 'இல்லை' பக்கம். இன்றைய மனச்சிதைவு மருந்துகளில் முதலாவதான குளோர்ப்ரோமசின் பாரிஸில் நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டது 1952இல். அதற்கு அரை நூற்றாண்டு முன்பே, 1890களில், ஜெர்மானிய மருத்துவர் எமில் கிரேப்பலின் தன் நோயாளிகளின் உணர்ச்சி மங்குவதையும் தானாக எதையும் செய்யும் விருப்பம் வற்றிப்போவதையும் விரிவாக எழுதிவைத்திருக்கிறார். அவர்களில் யாரும் இன்றைய மாத்திரை ஒன்றைக்கூட விழுங்கியதில்லை. நம் வீடுகளிலேயே பாருங்கள்: முதன்முதலாகக் குரல் கேட்பதற்கு ஒன்றிரண்டு வருடம் முன்பே பையன் காலேஜில் ஒதுங்க ஆரம்பித்தான், குளிக்கச் சொன்னால் எரிந்து விழுந்தான் என்று பல அம்மாக்கள் பின்னால் யோசித்துச் சொல்கிறார்கள்.

இப்போது 'ஆமாம்' பக்கம். இந்த மருந்துகள் பெரும்பாலும் மூளையில் டோபமின் என்ற ரசாயனம் வந்து ஒட்டும் டி2 என்ற இடங்களை அடைக்கின்றன. சந்தேகமும் குரல்களும் அடங்குவது அதனால்தான். ஆனால் ஒன்றை விரும்பி எழுந்து போவதற்கும், கைகால்களைத் தடையில்லாமல் அசைப்பதற்கும் அதே டோபமின்தான் வேண்டும். மருந்துக்கு இடம் பார்த்து வேலை செய்யத் தெரியாது. 1977இல் ஜெருசலேமில் இரண்டு மருத்துவர்கள் இந்த வகை மருந்துகளில் ஒன்றான ஹாலோபெரிடாலை 5 மில்லிகிராம் தங்களுக்கே ஊசியாகப் போட்டுக்கொண்டு என்ன நடந்தது என்று எழுதினார்கள். எந்த மனநோயும் இல்லாதவர்கள் அவர்கள். யோசனையும் அசைவும் மந்தமாகி, உள்ளுக்குள் பதைப்பு ஏறி, எதையும் செய்யும் விருப்பமே முடங்கிப்போனதாகச் சொன்னார்கள். ஒன்றரை நாளுக்கு மேல் அவர்களால் வேலைக்குத் திரும்ப முடியவில்லை. நோயே இல்லாத ஆளை மருந்து படுக்கவைக்கும் என்பதற்கு இதைவிட நேரான சாட்சி எனக்குத் தெரியாது.

அளவும் முக்கியம். 2000இல் வந்த ஓர் ஆய்வில், முதல் முறை நோய் வந்த 22 பேருக்கு ஹாலோபெரிடால் கொடுத்து மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். டி2 இடங்களில் ஏறத்தாழ 65 சதவீதம் அடைபட்டால் பலன் கிடைக்கும் வாய்ப்பு கூடியது. 78 சதவீதத்தைத் தாண்டினால் உடல் இறுக்கம், நடுக்கம் போன்ற தொல்லைகள் கூடின. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடம் குறுகியது. நோய் உச்சத்தில் இருந்தபோது ஆளை அடக்க ஏற்றிய டோஸ், அடங்கிய பிறகும் அப்படியே வருடக்கணக்கில் ஓடுவதை நான் நிறையப் பார்க்கிறேன். வீட்டில் கூச்சல் இல்லை, அக்கம்பக்கத்தில் புகார் இல்லை, அதனால் யாரும் சீட்டைத் திருப்பிப் பார்ப்பதில்லை. சொல்லப்போனால், 'இப்போ அமைதியா இருக்கான் சார்' என்று சொல்லி நாமே டாக்டரை அப்படி நினைக்க வைத்துவிடுகிறோம்.

"அப்படியென்றால் எது நோயால், எது மருந்தால் என்று எப்படிப் பிரிப்பது?"

முழுதாகப் பிரிக்க முடியாது. ஆனால் முயற்சி செய்யவே வேண்டும், ஏனென்றால் பிரித்தால்தான் சரிசெய்யக்கூடிய பகுதி கைக்கு வரும். நோயிலிருந்தே நேராக வருவதை முதன்மை என்றும், வேறு காரணத்தால் வருவதை இரண்டாம் நிலை என்றும் 1985இல் அமெரிக்க மருத்துவர் வில்லியம் கார்பென்டரும் உடன் இருந்தவர்களும் பிரித்தார்கள். இன்றும் டாக்டர்கள் அப்படித்தான் யோசிக்கிறார்கள்.

காலத்தைப் பாருங்கள். ஒதுங்கல் எப்போது தொடங்கியது? மாத்திரைக்கு முன்பா, மாத்திரை மாற்றிய அல்லது டோஸ் கூட்டிய சில வாரங்களிலா? பழைய சீட்டுகளைத் தூக்கிப்போடாமல் வைத்திருந்தால் இதற்கு உதவும்.

உடம்பைப் பாருங்கள். நடக்கும்போது கை வீசாமல் உடம்போடு ஒட்டியபடி இருக்கிறதா, அடியெடுத்து வைப்பது சிறுத்துவிட்டதா, எச்சில் ஒழுகுகிறதா, கையெழுத்து பொடியாகிவிட்டதா? இவை மருந்தால் வரும் இறுக்கத்தின் அடையாளங்கள். அந்த இறுக்கம் முகத்தில் வந்தால் முகம் மரத்துப்போன மாதிரி இருக்கும், உணர்ச்சியே இல்லை என்று நாம் முடிவு கட்டிவிடுவோம். உள்ளே உணர்ச்சி இருக்கலாம்.

தூக்கம் தனி. ராத்திரி மாத்திரை போட்டுக் காலை பதினொரு மணி வரை கண் திறக்க முடியவில்லை என்றால் அது மயக்கம். போடும் நேரத்தை மாற்றியே டாக்டர்கள் சில சமயம் இதைச் சரிசெய்துவிடுவார்கள்.

மனச்சோர்வையும் மறக்கக்கூடாது. நெகட்டிவ் அறிகுறி உள்ளவரிடம் பெரும்பாலும் ஒரு வெறுமைதான் தெரியும். மனச்சோர்வு உள்ளவரிடம் துக்கமும், 'என்னால்தான் குடும்பம் கெட்டது' என்ற குற்ற உணர்வும், சாக வேண்டும் என்ற பேச்சும் இருக்கும். அப்படிப் பேசினால் அடுத்த ஓ.பி. நாள் வரை காத்திருக்காதீர்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் (டெலி மானஸ்) எந்நேரமும் தமிழில் பேசலாம். உடனே ஆபத்து என்று பட்டால் நேராக மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

இன்னொரு காரணம், பலர் யோசிக்காதது: குரல்கள் நிற்கவே இல்லை, சொல்வதை மட்டும் நிறுத்திவிட்டார். வெளியே போனால் எல்லோரும் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நம்புகிறவர் அறையை விட்டு எப்படி வருவார்? இது டோஸைக் குறைக்க வேண்டிய இடம் அல்ல. மேலே சொன்னதற்கு நேர் எதிர். அதனால்தான் வீட்டாரே முடிவெடுக்க வேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

தைராய்டு, ரத்தசோகை, சர்க்கரை, குடி, கஞ்சா ஆகியவற்றையும் ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள்.

"கை நடுக்கத்துக்கு ஒரு சின்ன மாத்திரை தருகிறார்களே, அது?"

பெரும்பாலும் டிரைஹெக்ஸிஃபெனிடில். கடையில் பேசிடேன் என்று கேட்பார்கள். நடுக்கம், இறுக்கத்துக்கு உதவும். ஆனால் வாய் வறட்சி, மலச்சிக்கல், ஞாபக மந்தம் எல்லாம் அதனால் வரக்கூடும். ஒரு மருந்தின் பக்கவிளைவுக்கு இன்னொரு மருந்து, அதன் பக்கவிளைவில் மேலும் மந்தம் என்று போகும். தொடர்ந்து வேண்டுமா என்று சில மாதத்துக்கு ஒருமுறை கேட்பது உங்கள் உரிமை. திடீரென்று நிறுத்தாதீர்கள்.

"பீடி பிடிப்பதற்கும் மாத்திரைக்கும் சம்பந்தம் உண்டா?"

உண்டு, அதுவும் மனச்சிதைவு மாத்திரைகளில் ஓலன்ஸாபினுக்கும் குளோசபினுக்கும். புகை இந்த இரண்டையும் கல்லீரலில் சீக்கிரம் கரைத்துவிடும். நிக்கோட்டின் அல்ல, எரியும் புகைதான் இதைச் செய்வது. தினமும் இரண்டு கட்டு பீடி பிடித்தவர் வார்டில் சேர்ந்து பீடியை விட்டால், அதே டோஸில் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறும். 'ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான் ரொம்ப மந்தமாயிட்டான்' என்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். பீடியை விடுவது நல்லதுதான். விடப்போவதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

"நெகட்டிவ் அறிகுறிக்கென்றே நல்ல மாத்திரை இருக்கிறதா?"

குரல்களுக்கு இருக்கிற மாதிரி இல்லை. மெடிக்கல் ஷாப்பிலோ யூடியூபிலோ யார் அடித்துச் சொன்னாலும் சரி, இல்லை.

கொஞ்சம் ஆதாரம் உள்ளவை உண்டு. அமிசல்ப்ரைடு குறைந்த அளவில், நாளொன்றுக்கு 50 முதல் 300 மில்லிகிராம் வரை, நெகட்டிவ் அறிகுறிகளே மேலோங்கியவர்களுக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட உதவியது என்று ஆய்வுகள் உண்டு. அதே மருந்தைக் குரல்களுக்கு இதைவிடப் பல மடங்கு அதிகமாகக் கொடுப்பார்கள் என்பதால், பக்கத்து வீட்டுக்காரர் டோஸோடு ஒப்பிடாதீர்கள். கேரிபிரசின் என்ற மருந்தை 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வில் ரிஸ்பெரிடோன் என்ற இன்னொரு மருந்தோடு 26 வாரம் ஒப்பிட்டார்கள். சுமார் 460 பேர் கலந்துகொண்டார்கள். கேரிபிரசின் முந்தியது. வித்தியாசம் உண்மைதான், ஆனால் சிறியது: ஆள் எழுந்து தானாகப் பல் தேய்க்கும் அளவுக்கு வரலாம், தறிக்குப் போய்விடுவான் என்று எதிர்பார்க்க வேண்டாம். அரிப்பிப்ரசோல் போல டோபமினை முழுதாக அடைக்காத மருந்துக்கு மாறியபோது முகம் தெளிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது மருந்து செய்த நன்மையா, பழைய மருந்தின் மந்தம் விலகியதா என்று கேட்டால், பெரும்பாலும் இரண்டாவது என்றே எனக்குத் தோன்றுகிறது.

குளோசபின் மற்ற மருந்துகளுக்குக் குரல்கள் அடங்காதவர்களுக்கு இருக்கும் வலுவான மருந்து. குரல்கள் அடங்குவதால் ஒதுங்கலும் குறையலாம். முதன்மை நெகட்டிவ் அறிகுறிக்கு அது தனியாக வேலை செய்கிறது என்று நிறுவப்படவில்லை. மனச்சோர்வு மாத்திரையைச் சேர்ப்பதால் சிலருக்குச் சிறிய பலன் உண்டு.

ரோலுபெரிடோன் என்ற மருந்தை நெகட்டிவ் அறிகுறிக்கென்றே கொண்டுவந்தார்கள். 2024 பிப்ரவரியில் அமெரிக்க மருந்துத் துறை அதற்கு அனுமதி தர மறுத்துவிட்டது. அதே வருடம் செப்டம்பரில், டோபமினை நேராக அடைக்காத முதல் மருந்துக்கு அங்கே மனச்சிதைவுக்காக அனுமதி கிடைத்தது. நெகட்டிவ் அறிகுறிக்கென்று கிடைத்த அனுமதி அல்ல அது.

"நாங்களே நிறுத்திப் பார்த்தோம். மூன்று வாரம் முகம் தெளிவாக இருந்தது, பேசினான். பிறகு எதற்குக் கொடுக்க வேண்டும்?"

அந்த மூன்று வாரம் பொய் இல்லை. மருந்தால் வந்த மந்தம் விலகியிருக்கும். டாக்டரிடம் இதை மறைக்காமல் சொல்லுங்கள். டோஸ் அதிகமோ என்று யோசிக்க அவருக்கு இதுவே நல்ல தகவல்.

ஆனால் நோய் திரும்புவது மருந்து நின்ற மறுநாள் அல்ல, பல வாரங்களோ மாதங்களோ கழித்து. அதனால்தான் குடும்பம் ஏமாறுகிறது. 1999இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், முதல் முறை நோய் வந்து தேறிய 104 பேரைத் தொடர்ந்து பார்த்தார்கள். மருந்தை நிறுத்தியவர்களுக்கு நோய் திரும்பும் ஆபத்து ஏறத்தாழ 5 மடங்காக இருந்தது. ஒவ்வொரு முறை திரும்பிய பிறகும் பழைய நிலைக்கு வர அதிக நாள் எடுக்கலாம், சிலர் முழுதாக வருவதில்லை.

"டாக்டர் மேற்பார்வையில் மெதுவாகக் குறைத்தால்?"

இங்கே ஆய்வுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. நெதர்லாந்தில் 103 பேரை 7 வருடம் கழித்துப் பார்த்தபோது, தொடக்கத்திலேயே மருந்தைக் குறைக்கும் பிரிவில் இருந்தவர்களில் 40 சதவீதம் பேர் முழுமையாகத் தேறியிருந்தார்கள். தொடர்ந்து சாப்பிட்ட பிரிவில் அது சுமார் 18 சதவீதம். 2013இல் இது வந்தபோது பெரிய பேச்சானது. பிறகு இங்கிலாந்தில் 253 பேரோடு நடந்த ராடார் ஆய்வு 2023இல் வந்தது. இரண்டு வருடம் மெதுவாகக் குறைத்தும் அவர்கள் பழகுவதிலும் வாழ்க்கை நடத்துவதிலும் முன்னேற்றம் தெரியவில்லை. கடுமையாக நோய் திரும்பியது குறைத்தவர்களில் 25 சதவீதம், தொடர்ந்தவர்களில் 13 சதவீதம்.

முதல் ஆய்வில் இருந்தவர்கள் நோயின் தொடக்கத்தில் இருந்தவர்கள், இரண்டாவதில் இருந்தவர்கள் நீண்ட நாள் நோயாளிகள். என் பார்வையில், தேவைக்கு மேல் இருக்கும் டோஸைத் தேவையான அளவுக்கு இறக்குவது ஒரு வேலை, மருந்தே இல்லாமல் வாழப் பார்ப்பது வேறு வேலை. முதலாவதை எல்லாக் குடும்பமும் டாக்டரிடம் கேட்கலாம். இரண்டாவதை அறுவடை நேரத்திலோ, வீட்டில் கல்யாணமோ சாவோ நடக்கும்போதோ தொடங்காதீர்கள். குளோசபினை ஒருபோதும் ஒரேயடியாக நிறுத்தாதீர்கள்.

"மாதம் ஒரு ஊசி போட்டால் மந்தம் கூடுமா?"

ஊசி என்பதாலேயே மந்தம் கூடிவிடாது. உள்ளே இருக்கும் மருந்தும் அளவும்தான் காரணம். மாத்திரை போட்டானா இல்லையா என்ற தினசரிச் சண்டை நிற்பதே சில வீடுகளில் பெரிய நிம்மதி.

"வீட்டில் நாங்கள் என்ன செய்யலாம்?"

மருந்தைவிட இங்கேதான் செய்வதற்கு இடம் அதிகம் என்று நினைக்கிறேன்.

இந்த நோய் வந்தவர்கள் ஒரு விஷயம் நடக்கும்போது ஓரளவு சந்தோஷப்படுகிறார்கள், ஆனால் அது சந்தோஷம் தரும் என்று முன்கூட்டி எதிர்பார்ப்பதுதான் அவர்களுக்கு வருவதில்லை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. இதை வைத்து வீட்டில் நிறைய மாற்றலாம். 'ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டுக்கு வர்றியா' என்று வியாழனே கேட்டால் 'இல்லை' என்பான். ஞாயிறு காலை வண்டியை வெளியே எடுத்துவிட்டு, 'வா கண்ணு, கோட்டை மாரியம்மன் கோயில் வரைக்கும் போயிட்டு வரலாம், அரை மணி நேரம்தான்' என்று செருப்பை எடுத்துக் கொடுத்தால் பாதி நாள் வருவான். வந்த பிறகு, 'நல்லா இருந்துச்சுல்ல' என்று ஒரு வார்த்தை சொல்லி அந்தச் சந்தோஷத்தை நினைவில் நிறுத்துங்கள்.

வேலையைச் சின்னதாக்குங்கள். வீட்டுத் தறி இருந்தால் நெய்யச் சொல்ல வேண்டாம், தார் (நாடாவில் வைக்கும் நூல் குழல்) சுற்றட்டும், அதுவும் பத்து தார். ஏற்காட்டில் மஞ்சக்குட்டைப் பக்கத்துக் குடும்பம் ஒன்று, காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் மகனைக் கூடவே தோட்டத்துக்குக் கூட்டிப் போகும். அளவு கேட்பதில்லை, கூலி கணக்குப் பார்ப்பதில்லை. பருவம் முடிந்தால் திரும்பப் படுத்துவிடுகிறான் என்று அவனுடைய அம்மாவுக்கு வருத்தம்தான். ஆனாலும் பறிப்புக் காலத்தில் அவன் இரண்டு வேளை தானாகக் குளிக்கிறான்.

'எதைச் செய்தாலும் எனக்குத் தோல்விதான், எதற்குத் தொடங்க வேண்டும்' என்ற எண்ணமும் ஆளைப் படுக்கையில் வைத்திருக்கும். அமெரிக்காவில் 60 பேரோடு 18 மாதம் நடந்த ஓர் ஆய்வில், இந்த எண்ணத்தை மையமாக வைத்துச் செய்த பேச்சு சிகிச்சையில் ஆர்வமின்மை குறைந்தது. இங்கே எல்லா ஊரிலும் அந்தச் சிகிச்சை கிடைக்காது. ஆனால் 'உன்னால ஒண்ணுக்கும் ஆகாது' என்று வீட்டில் சொல்லாமல் இருக்கப் பயிற்சி வேண்டியதில்லை. குற்றம் சொல்லிக்கொண்டே இருக்கும் வீட்டில் நோய் அடிக்கடி திரும்புகிறது என்பது 1970களிலிருந்தே தெரிந்த விஷயம்.

"கல்யாணம் செய்து வைத்தால் சுறுசுறுப்பாகிவிடுவானா?"

ஆகமாட்டான். நோயை மறைத்துச் செய்தால் இன்னொரு வீட்டுப் பெண்ணும் சேர்ந்து கஷ்டப்படுவாள்.

"ஓ.பி.யில் ரெண்டு நிமிஷம்தான் கிடைக்குது. என்ன சொல்வது?"

கூட்டத்தில் டாக்டர் கேட்பது 'சத்தம் கேக்குதா? தூக்கம் வருதா? சாப்பிடறானா?' என்று மூன்றுதான் இருக்கும். மூன்றுக்கும் நல்ல பதில் சொன்னால் பழைய மருந்தே திரும்ப வரும். அதனால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள்: எத்தனை மணிக்கு எழுகிறான், தானாகக் குளித்தது வாரத்தில் எத்தனை நாள், வீட்டுக்கு வெளியே போனது எத்தனை முறை, கை வீசாமல் நடக்கிறானா, இந்த மாற்றம் எந்த மாதத்திலிருந்து. முடிந்தால் நடப்பதைப் போனில் படம் பிடித்துக் காட்டுங்கள். பிறகு ஒரே ஒரு கேள்வி: 'இந்த டோஸ் இப்பவும் இவ்வளவு வேணுமா டாக்டர், இதுல எவ்வளவு மருந்தால வந்திருக்கும்?' பெரும்பாலான டாக்டர்கள் இந்தக் கேள்வியை வரவேற்பார்கள். எரிந்து விழுந்தால் அடுத்த முறை வேறு டாக்டர் இருக்கும் நாளில் போங்கள்.

"ஆள் அமைதியாகத்தானே இருக்கிறான். இதற்கு ஊனமுற்றோர் சான்றிதழ் கிடைக்குமா?"

கிடைக்கலாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இருக்கும் 21 வகைகளில் மனநோயும் ஒன்று. தன்னைத் தானே பார்த்துக்கொள்வது, ஆட்களோடு பழகுவது, பேச்சும் புரிதலும், வேலை என்ற நான்கையும், நோய் வந்து எத்தனை வருடம் ஆகிறது என்பதையும் வைத்து அளக்கிறார்கள். குறைந்தது 40 சதவீதம் வர வேண்டும். ஆள் கத்துகிறானா என்று யாரும் கேட்கப்போவதில்லை, அதனால் படுத்தே இருப்பவரும் தகுதி பெறலாம். மதிப்பீட்டுக்கு அன்றாடம் அவரோடு இருக்கும் ஆள் கூடப் போக வேண்டும். அவரை மட்டும் கேட்டால் 'எல்லாம் நானே செஞ்சுக்கறேன்' என்று ஒற்றை வரியில் முடித்துவிடுவார்.